மழைக்குப் போட்ட கூரை

எங்கள் தையல் கூடத்திலிருந்து வெளி கேட் வரைக்கும் கூரை போட ஆரம்பித்த அன்று நான் காலர் காலராகத் தப்பாகத் தைத்துக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, "என்னம்மா, கண்ணு எங்க இருக்கு?" என்றார். கண் சன்னலில்தான் இருந்தது. வெளியே லாரியிலிருந்து இரும்புத் தூண்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"எதுக்கு சார் இவ்வளவு தூணு?"

"எல்லாம் உங்களுக்குத்தான். நனையுறோம் நனையுறோம்னு மேடம்கிட்ட அழுதீங்கல்ல? கூரை வருது. ஆளுக்கொரு குடையும் வருதாம். கொடுத்து வச்சவங்கம்மா நீங்க."

அவர் அடுத்த மெஷினுக்குப் போய்விட்டார். என் பக்கத்தில் கோட்டுக்குக் கை தைக்கிறவள் பெடலிலிருந்து காலை எடுத்தாள். அவளுக்குப் பின்னால் இருந்தவளும் எடுத்தாள். வரிசையாக மெஷின் சத்தம் அடங்கிக்கொண்டே போனது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. கடைசி மெஷினிலிருந்து ஒருத்தி, "அடப்பாவிங்களா!" என்றாள். அவ்வளவுதான், மொத்த லைனும் சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. எனக்குக் கோபம் வந்தால் முதலில் பாதம்தான் துடிக்கும். பெடலை மிதித்தேன், நூல் அறுந்தது. கோத்தேன், மறுபடியும் அறுந்தது.

நனைவது என்றால் எங்களுக்குள் என்ன அர்த்தம் என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அந்தச் சிரிப்பு யாருக்கும் புரியாது.

நாங்கள் தைப்பது குழந்தைகளின் கோட்டு. காலரில் ஒரு சின்னப் பித்தளை வில்லை வைத்துத் தைப்போம். அந்த வில்லைக்காகத்தான் கோட்டுக்கு அவ்வளவு விலை. எங்கேயோ ஒரு சந்தையில் அதே வில்லை வைத்த போலிக் கோட்டு விற்றதாம். உடனே எங்கள் கம்பெனிக்கு ரோஷம் வந்துவிட்டது. வேலை முடிந்து வெளியே போகிற ஆம்பளைகளுக்குச் சட்டைப் பையைத் தட்டிப் பார்ப்பார்கள். பொம்பளைகளை கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் முதலுதவி அறைக்குள் திரைக்குப் பின்னால் கூப்பிடுவார்கள். உள்ளே சாவிக்கொத்து நிற்பாள். இடுப்பில் சாவிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிவதால் அவளுக்கு அந்தப் பெயர். "அவுரு" என்பாள். எதை என்று கேட்டால், "எல்லாத்தையும்தான்" என்பாள். மாதத்தில் அந்த மூன்று நாட்கள் என்றாலும் விட மாட்டாள், அதையும் எடுத்துக் காட்டச் சொல்வாள். இதை எழுதும்போதே என் காது சூடாகிறது.

முதல் முதலில் அப்படிப் போய்விட்டு வந்தவள் பட்டன் அக்கா. பட்டன் தைக்கிற மெஷினில் உட்கார்ந்திருந்தவள், எங்கள் எல்லோருக்கும் மூத்தவள். குழாயடியில் முகத்தைக் கழுவிக் கழுவி ரவிக்கை வரைக்கும் ஈரமாக வந்தாள். துணி வெட்டுகிறவர், "என்னக்கா, இப்படி ஈரமா வர்றீங்க?" என்று கேட்டார். "மழையில நனைஞ்சிட்டேன்" என்றாள். அன்று மண்டையைப் பிளக்கிற வெயில். அவர் ஒரு தரம் வானத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அந்தச் சொல் எங்களுக்கு ஒட்டிக்கொண்டது. "நேத்து யார் நனைஞ்சது?" என்று பஸ்ஸில் ஆட்கள் முன்னாலேயே கேட்டுக்கொள்வோம். பையை மட்டும் பார்த்துவிட்டு விட்டால் தூறல். முழுக்க என்றால் கொட்டித் தீர்த்துவிட்டது. வீட்டில் புருஷன் பக்கத்தில் இருக்கும்போது கூட ஃபோனில் பேசலாம், ஒருத்தருக்கும் விளங்காது. நாலு சுவருக்குள் நடந்ததை நாலு பேர் நடுவில் பேசுவதற்கு அந்த ஒரு வார்த்தைதான் எங்களுக்கு இருந்தது. பிறகு ஒரு நாள் பட்டன் அக்கா திரைக்குள் போக மாட்டேன் என்று மல்லுக்கு நின்றாள். மறுநாளே அவள் சாப்பாட்டுப் பையில் வில்லை இருந்ததென்று சொல்லி, திருடி என்று பட்டம் கட்டி வெளியே அனுப்பினார்கள்.

யாரோ ஒரு புண்ணியவதி கோட்டு வாங்கும் கம்பெனிக்கு ஃபோன் போட்டு, இங்கே பொம்பளைகளை அவமானப்படுத்துகிறார்கள் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அங்கிருந்து விசாரிக்க ஒரு மேடம் வந்தார். எதைச் சொன்னாலும் இன்னொரு கேள்வி கேட்பார், அதனால் கேள்வி மேடம். நல்ல மனுஷி, அதில் சந்தேகமே இல்லை. தலையைச் சாய்த்துக் கேட்பார், நடுவில் குறுக்கிட மாட்டார். ஆனால் கூடவே ஒரு நாற்காலி போட்டு எங்கள் ஆபீசர் உட்கார்ந்திருந்தார். எதற்கும் "ஆகட்டும், பார்க்கலாம்" என்கிறவர். விசாரணைக்கு ஒத்துழைப்பு கொடுக்கிறாராம். அந்த மனிதர் முகத்தைப் பார்த்துக்கொண்டு எந்தப் பொம்பளை அதைச் சொல்வாள்? ஒவ்வொருத்தியும் போய், சொல்லி வைத்த மாதிரி, "வெளிய போறப்போ நனையுறோம் மேடம்" என்றோம். மேடத்துக்குப் புரியும் என்று எப்படித்தான் நினைத்தோமோ! எங்களுக்கு அது அவ்வளவு பழகிவிட்டிருந்தது.

"தினமுமா?" என்றார்.

"தினமும் இல்ல மேடம். அவங்களுக்குத் தோணுறப்போ."

"நிக்க வச்சு நனைய விடுறாங்களா?"

"ஆமா மேடம், நிக்க வச்சுத்தான்."

"அதனால உடம்புக்கு எதாவது?"

"உடம்பெல்லாம் கூசுது மேடம்."

பாவம், அவர் என்ன செய்வார். குளிரில் கூசுகிறது என்று எழுதிக்கொண்டார். மழை பெய்யும்போது எங்களை வேண்டுமென்றே கேட்டில் நிறுத்தி வைக்கிற கொடுமைக்காரக் கம்பெனி என்று முடிவுகட்டிக்கொண்டு போனார். ஆபீசருக்கு எங்கள் பாஷை விளங்கியதா இல்லையா என்று லைனில் இன்றைக்கும் சண்டை நடக்கிறது. விளங்கியது என்பது என் கட்சி. அன்று அவர் அத்தனை தரம் தலையாட்டினார்.

இப்படித்தான் கூரை வந்தது. போர்டில் 'நிவாரணத் திட்டம்' என்று பெரிய எழுத்தில் ஒட்டினார்கள். "ஏன்டி, வெள்ளமா வந்துச்சு, நிவாரணம் குடுக்க?" என்று கை தைக்கிறவள் கேட்டாள். அதற்கும் சிரித்தோம். காலை மிதித்தவன் தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு வந்து நீட்டினால் சிரிக்காமல் வேறென்ன செய்வது! ஆனால் நாளாக ஆக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெல்டிங் வைக்கிற சத்தம் காதுக்குள்ளேயே குடியிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் உட்கார முடியாமல் கூடத்தைச் சுற்றிச் சுற்றி வருவேன். "ஒரு இடத்துல நில்லுக்கா, எங்களுக்குத் தலை சுத்துது" என்பார்கள். முதலுதவி அறைக்கும் சேர்த்தே கூரை போட்டார்கள். அதன் கதவுக்குப் புது வர்ணமும் அடித்தார்கள். சோதனை ஒரு நாளும் நிற்கவில்லை. இனி சொட்டு மழைகூடப் படாமல் எங்களை உள்ளே கூட்டிக்கொண்டு போகலாம்.

இது போதாதென்று வீட்டிலும் ஒரு கூத்து. என் வீட்டுக்காரர் சரக்கு வண்டி ஓட்டுகிறவர். எங்கள் கம்பெனிக்கும் சரக்கு ஏற்றுவார். கூரையைப் பார்த்துவிட்டு வந்தவருக்குத் தலைகால் புரியவில்லை.

"உங்க கம்பெனி மாதிரி ஒரு கம்பெனி உண்டா? சொன்ன உடனே கூரை போட்டுட்டான் பாரு. நம்ம பொண்ணையும் அங்கயே சேர்த்துடலாம். ஆபீசர்கிட்ட சொல்லி வச்சுட்டேன்."

"அவ மேல படிக்கட்டும்."

"படிச்சுக்கிட்டே பண்ணட்டும். அம்மா கூடவே போயிட்டு அம்மா கூடவே வரப்போறா. இதைவிடப் பாதுகாப்பு வேற எங்க இருக்கு?"

ஏன் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் சம்பளம் வாங்கி வந்த கையோடு அதையும் சேர்த்துத்தான் வாங்கி வந்தேன் என்று இந்த மனிதரிடம் எந்த வாயால் சொல்வேன்? தூரம், படிப்பு, உடம்பு என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் எடுபடவில்லை.

நான் லீவு போட்டு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்த ஒரு நாளில், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அவளைத் தையல் டெஸ்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நான் திரும்பி வந்தபோது, "உன் பொண்ணு பாஸ்! நேர்கோடு பிடிச்ச மாதிரி தைச்சாளாம்" என்று வாசலிலேயே சொன்னார். மகள் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் குளிக்கப் போகிற வரைக்கும் காத்திருந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"வெளிய வர்றப்போ நனைஞ்சியாடி?"

என்னைப் புரியாமல் பார்த்தாள். "மழையே பெய்யலையேம்மா."

மழை பெய்யவில்லை என்றாள். அந்தப் பதிலை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். புதுசாக வருகிறவர்களை விட்டுவிடுகிறார்கள் போல, மேடம் வந்துபோன பயமாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு ராத்திரிதான் அவரிடம், "சரி, போகட்டும்" என்றும் சொன்னேன். அவளுக்கு யூனிஃபார்ம்கூட நானே அளவெடுத்துத் தைத்தேன். கூரையின் திறப்பு விழா வெள்ளிக்கிழமை, அவள் வேலையில் சேருவது திங்கட்கிழமை என்று ஏற்பாடானது.

அந்த வாரமே கை தைக்கிறவளை முழுக்க நனைத்து அனுப்பினார்கள். புது வர்ணத்தின் வாசனை உள்ளே குடலைப் புரட்டியது என்று வந்து சொன்னாள். எனக்குப் பாதம் துடிக்க ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. இன்றைக்கு இவள், திங்கட்கிழமைக்குப் பிறகு ஏதோ ஒரு நாள் என் மகள். நானே அளவெடுத்துத் தைத்ததை அந்தச் சாவிக்கொத்து அவுக்கச் சொல்வாள். திங்கட்கிழமைக்குள் யாராவது மேடத்திடம் சொல்லியாக வேண்டும். யாராவது என்றால் வேறு யார், வாயாடி என்று பேரெடுத்தவள் நான்தானே.

வியாழக்கிழமை மேடம் வந்திருப்பதாகச் சொன்னார்கள். பாத்ரூம் போவதாகச் சொல்லிவிட்டு வராந்தா வராந்தாவாகத் தேடினேன். ஆபீசர் இல்லாமல் தனியாக, கூரையின் தூணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், ஒரு விஷயம். நாங்க நனையுறது இருக்குல்ல..."

"ஆமாம்மா, சொல்லுங்க."

சொல்லுங்க என்று சொல்லிவிட்டார். எனக்கு வார்த்தை வரவில்லை. பொய்யில்லை, அந்தக் காரியத்துக்கு நாக்கில் வேறு வார்த்தையே இல்லாமல் போயிருந்தது. இத்தனை காலமும் நனைவதென்றே சொல்லிச் சொல்லி, அவுப்பது என்கிற சொல் தொண்டைக்குக் கீழே எங்கேயோ கிடந்தது. "அது வந்து மேடம், அது மழையில..." என்று இழுத்தேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"தெரியும்மா. நீங்க எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பீங்கன்னு எனக்குத் தெரியும். இனிமே அந்தக் கவலையே உங்களுக்கு வேண்டாம்."

உண்மையாகவே கண் கலங்கியிருந்தார். அந்த நல்ல மனுஷி மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அதற்குள் ஆபீசர் வந்துவிட்டார். "மேடம், நாளைக்கு நன்றி சொல்ல ஒரு ஆளு வேணும்ல? இந்தம்மாவே பேசட்டும். எங்க லைன்ல நல்லாப் பேசுறவங்க" என்றார். மேடம் சந்தோஷமாகத் தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

வெள்ளிக்கிழமை எல்லோரையும் முற்றத்தில் நிற்க வைத்தார்கள். கூரைக்குக் கீழே மேஜை, மைக், அடுக்கி வைத்த குடைகள். குடைகளுக்குப் பக்கத்தில் யார் நிற்பது என்று பார்த்தால் சாவிக்கொத்து! எங்களுக்கெல்லாம் குடை எடுத்துக் கொடுக்க அவளைத்தான் நிறுத்தியிருந்தார்கள். புதுசாக வேலைக்குச் சேருகிறவர்களையும் வரச்சொல்லியிருந்ததால் பின்னால் என் மகள் நின்றாள். வண்டியை கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு என் வீட்டுக்காரரும் அவள் பக்கத்தில் வந்து நின்றார். என்னைப் பார்த்து, நல்லாப் பேசு என்று கையை ஆட்டினார்.

முதலாளி பேசினார். பெரிய மனிதர், ஆனால் பேச்சு எளிமையாகத்தான் இருந்தது. "தப்பு நடந்திருக்கு. அதை மறைக்க விரும்பல. தப்பு பண்ணா அதைச் சரி பண்ணணும், அதுதான் ஒரு கம்பெனிக்கு அழகு. நான் இன்னைக்கு ஒரு வாக்கு கொடுக்குறேன். இனிமே இந்த கேட்ல எங்க சகோதரிகள் ஒருத்தர்கூட நனைய மாட்டாங்க!"

கடைசி மெஷின்காரிதான் முதலில் சிரித்தாள். பிறகு என் லைன், அடுத்த லைன், இஸ்திரி போடுகிறவர்கள் என்று பரவியது. ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தார்கள். முதலாளிக்கு முகம் மலர்ந்துவிட்டது. கையைத் தட்டினார். ஆம்பளைகளும் தட்டினார்கள். என் வீட்டுக்காரர்தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். ஆபீசர் என் கையில் மைக்கைக் கொடுத்தார்.

நான் பேசுவதற்கு எதுவும் யோசித்து வைத்திருக்கவில்லை. வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தால் வாய் அடைத்துவிடும் என்று அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. முதலாளியைப் பார்த்துத்தான் பேசினேன்.

"சார், நாங்க நனைஞ்சது மழையில இல்ல."

சிரிப்பு அப்படியே அறுந்தது. கேள்வி மேடம் தலையைச் சாய்த்தார்.

"நனையுறதுன்னு நாங்க சொல்றது வேற. வேலை முடிஞ்சு போறப்போ அந்த ரூமுக்குள்ள கூப்பிட்டு எங்க துணியை அவுக்கச் சொல்றாங்க சார். எல்லாத் துணியையும். வில்லையைத் திருடிட்டோமான்னு பார்க்கிறாங்க. நான் அவுத்திருக்கேன். இங்க நிக்கிற எல்லாரும் அவுத்திருக்காங்க. எங்க வாயால அதைச் சொல்ல முடியாமத்தான் மழைன்னு பேரு வச்சோம். நீங்க மழைக்குக் கூரை போட்டுட்டீங்க."

சொல்லிவிட்டேன். மைக்கில் என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது. அவமானமாகத்தான் இருந்தது. தைரியம் வந்தது, பாரம் இறங்கியது என்றெல்லாம் சொன்னால் அது பொய். நடு முற்றத்தில் இன்னொரு தரம் அவுத்த மாதிரி இருந்தது.

ஆபீசர் பாய்ந்து வந்து மைக்கைப் பிடுங்கினார். "சார், மேடம், இது பழைய விஷயம். மேடம் விசாரணைக்கு வந்த அன்னைக்கே சோதனையை நிறுத்தியாச்சு. இப்ப அப்படி எதுவுமே கிடையாது. இந்தம்மா ஏதோ உணர்ச்சிவசப்பட்டு..."

"நிறுத்தல சார்."

பின்னாலிருந்து வந்தது குரல். எனக்குத் தெரிந்த குரல். எனக்குத் தெரியாத மாதிரி இருந்தது.

"டெஸ்ட் தைக்க வந்தப்போ என்னையும் அப்படித்தான் சோதனை பண்ணாங்க" என்றாள் என் மகள். "அதோ, குடை கிட்ட நிக்கிறாங்களே, அவங்கதான்."

எல்லோரும் சாவிக்கொத்தின் பக்கம் திரும்பினார்கள். அழுவாள், இல்லை என்பாள் என்று நினைத்தேன். கையிலிருந்த குடையை மேஜைமேல் வீசி எறிந்தாள்.

"என்னை ஏன் பார்க்கிறீங்க? வில்லை ஒண்ணு குறைஞ்சாலும் உன் வேலை போயிடும்னு எனக்குச் சொன்னது யாரு? இந்த சார்தான். அவருக்குச் சொன்னது யாருன்னு அவரைக் கேளுங்க. என்னை வேலைக்கு வச்ச அன்னைக்கு என்னையும் நனைச்சுத்தான் உள்ள விட்டாங்க, தெரியுமா?"

நனைச்சுத்தான் என்றாள். எங்கள் ரகசியப் பாஷை இத்தனை நாளும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அவளைப் பற்றி நாங்கள் பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. ஆபீசர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி தரையைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே எல்லோருக்கும் எல்லாம் விளங்கிவிட்டது.

கேள்வி மேடம் எழுந்து வந்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது. மைக்கை எடுக்காமல், பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு மட்டும் கேட்கிற குரலில், "நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். அந்த ஆளைப் பக்கத்துல வச்சுக்கிட்டு உங்ககிட்டக் கேட்டிருக்கவே கூடாது. மன்னிச்சுக்கோங்க" என்றார். பிறகு கேட்டார்: "இப்ப நாங்க என்ன செஞ்சா சரியாகும்?"

முதல் தடவையாக எங்களிடம் சரியான கேள்வி கேட்கப்பட்டது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அந்த ரூமை இடிங்க என்றாள் ஒருத்தி. இடிச்சா போதுமா, இன்னொரு ரூம் கட்ட எவ்வளவு நேரம் ஆகும், அவுக்கச் சொன்னது யாருன்னு அவங்க வாயாலயே இந்த மைக்ல சொல்லட்டும் என்றாள் இன்னொருத்தி. பட்டன் அக்காவைத் தேடிப் போய், நீ திருடி இல்லைன்னு அவ தெருவுல நின்னு சொல்லணும் என்று கை தைக்கிறவள் கத்தினாள். இனிமே பொம்பளைங்களை விசாரிக்கப் பொம்பளைங்க மட்டும் உட்காரணும், எங்க ஆளும் அதில் இருக்கணும் என்று யாரோ சொன்னார்கள். மேடம் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி, "இதுதானே நீங்க சொல்றது? நான் சரியாப் புரிஞ்சுக்கிட்டேனா?" என்று கேட்டுக் கேட்டு எழுதினார். முதலாளி பக்கத்தில் வந்து, "அந்தச் சம்பவத்துக்கு நான் உண்மையிலேயே..." என்று ஆரம்பித்தார். "சம்பவம் இல்ல சார். துணியை அவுத்தது. அப்படியே சொல்லுங்க" என்றாள் கடைசி மெஷின்காரி. அந்த வார்த்தை அவருக்கும் வரவில்லை.

நான் இதையெல்லாம் பாதிதான் கேட்டேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு பின்பக்கம் போய்க்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் மகளுக்குப் பக்கத்தில் சிலை மாதிரி நின்றார். தட்டின கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார். என்னைக் கண்டதும், "நான் கேட்டுக்கு வெளிய வண்டியில உட்கார்ந்து பாட்டு கேட்டுட்டு இருந்தேன்டி. அவ உள்ள..." என்றார். சுவரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

நான் மகளின் தோளைப் பிடித்தேன். என் பாதம் துடிப்பது நின்றிருந்தது. அது ஏன் அப்போது போய் நிற்க வேண்டும் என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

"ஏன்டி என்கிட்டச் சொல்லல? அன்னைக்கு நான் கேட்டேனே! வந்ததும் வராததுமா உன்னைத்தானே கேட்டேன்?"

"மழையில நனைஞ்சியான்னு கேட்டே. அப்படித்தான் நினைச்சேன்."

"சரி, அது உனக்குத் தெரியாது. இதை நீயா சொல்லியிருக்கலாம்ல? அம்மாகிட்டச் சொல்ல என்னடி பயம்?"

மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு வலிக்கக் கூடாது என்று பார்த்துப் பேசுகிற குரலில் சொன்னாள்.

"நீ இத்தனை வருஷமா இங்க போயிட்டு வர்றேம்மா. உனக்குத் தெரியாமயா இருக்கும்? அன்னைக்கு ராத்திரி சரி, போகட்டும்னு நீதானே அப்பாகிட்டச் சொன்னே. எல்லாம் தெரிஞ்சுதான் நீ என்னை அனுப்புறேன்னு நினைச்சுக்கிட்டேன்."

மேஜைப் பக்கத்திலிருந்து மேடம் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். "நீங்க சொல்லுங்கம்மா, உங்களுக்கு என்ன வேணும்?" என்று அங்கிருந்தே கேட்டார். சத்தமாகத்தான் கேட்டார். நான் மகளைப் பிடித்தபடியே நின்றேன்.